இடம் கிடைத்த பிறகு: திருப்பதி அடிவாரத்தில் தலித், பழங்குடி ஆண் மாணவர்களும் பட்டப்படிப்பின் நிறைவும்

அலிபிரியை மலையேறும் வாசலாகத்தான் தமிழர்கள் அறிவார்கள். தென்னிந்தியாவில் உயர்கல்வி நிறுவனங்கள் நெருக்கமாகக் குவிந்த இடங்களில் அந்த அடிவாரமும் ஒன்று. 1954-இல் தொடங்கிய ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983-இல் பெண்களுக்கென்று வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், தேவஸ்தானத்தின் வேதப் பல்கலைக்கழகம் என எல்லாம் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். கிழக்கே ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்கின்றன. இரண்டும் 2015-இல் திருப்பதியில் தற்காலிக வளாகங்களில் தொடங்கிப் பிறகு அங்கே போனவை.

அதே 2015-க்கு இந்த மலைத்தொடரில் வேறொரு நினைவும் உண்டு. ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், சந்திரகிரிப் பக்கம், ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. மோதல் என்றது காவல்துறை. பிடித்துவைத்துக் கொன்றார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினர். சில மாதங்கள் கழித்து, அதே மலையின் கீழ், நாட்டின் பெரிய அறிவியல் நிறுவனங்கள் இரண்டு முதல் வகுப்பை நடத்தின. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் காரண உறவு ஏதும் இல்லை. ஆனால் ஆய்வாளர் தட்டிக்கழிக்க முடியாத ஒரு கேள்வியை இந்த அண்டைமை எழுப்புகிறது. மரம் வெட்டப் போனால் உடனே கையில் வரும் கூலி ஒரு பக்கம், மூன்று நான்கு ஆண்டு கழித்து வரக்கூடிய பட்டம் மறுபக்கம் என்று ஓர் ஏழை இளைஞன் முன்னால் வைத்தால், அவனைக் கல்லூரியில் இருத்துவது எது?

சேர்க்கையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். திருப்பதி அன்று சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே வகுப்புவாரி அரசாணை முதல் செண்பகம் துரைராஜன் வழக்கு, முதலாம் அரசமைப்புத் திருத்தம் வரை தமிழ் வாசகருக்குத் தெரிந்த இட ஒதுக்கீட்டு வரலாறு இந்த மண்ணுக்கும் உரியது. வாசலைத் திறப்பதற்கான போராட்டம் அது. திறந்த வாசலில் நுழைந்தவன் பட்டத்தோடு வெளியே வருகிறானா என்பது வேறு விசாரணை. அதை நாம் இன்னும் ஒழுங்காகத் தொடங்கவில்லை என்பது என் கருத்து.

கேள்வியைத் திருப்பிப் போடுதல்

அமெரிக்கக் கல்வியியலாளர் ஷான் ஹார்ப்பர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். அங்கே உயர்கல்வியில் கறுப்பின ஆண்களின் நிலை பற்றிப் பல பத்தாண்டுகளாக ஒரே மாதிரி எழுத்துத்தான்: ஏன் வருவதில்லை, ஏன் தோற்கிறார்கள், ஏன் நின்றுவிடுகிறார்கள். ஹார்ப்பர் கேள்வியைத் திருப்பினார். 42 கல்லூரிகளில் நன்றாகப் படித்து, வளாக வாழ்விலும் முன்னணியில் இருந்த 219 கறுப்பின ஆண் மாணவர்களைத் தேடிப் பிடித்து, எப்படி முடிந்தது என்று கேட்டார். அவர்கள் தங்களைப் பிறவி மேதைகளாகக் கருதவில்லை. கல்லூரியைப் பற்றி ஐயமே இல்லாமல் எதிர்பார்த்த பெற்றோர், பள்ளியில் அக்கறை காட்டிய ஓர் ஆசிரியர், கடன் சுமையைக் குறைத்த உதவித்தொகை, முதல் சில வாரங்களிலேயே கைபிடித்து அழைத்துப்போன சீனியர்கள் என்று அவர்கள் சொன்னவை எல்லாம் சாதாரண விஷயங்கள். அவை தங்களுக்குக் கிடைத்ததே ஓரளவு தற்செயல்தான் என்றும் பலர் சொன்னார்கள். அந்தத் தற்செயலைக் கல்லூரிகள் ஏன் வழக்கமான ஏற்பாடாக மாற்றவில்லை என்பது ஹார்ப்பரின் வாதம்.

கறுப்பினத்தையும் தலித்தையும் ஒன்றுக்கொன்று சமமாக்கிவிட முடியாது. நிறத்தின் வரலாறு வேறு, தீண்டாமையின் வரலாறு வேறு. ஆனால் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பது புதிதல்ல. கொலம்பியாவில் படித்த அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு எழுதிய கடிதமே சான்று. ஒப்பீடு பயன்படுவது முடிவுகளுக்காக அல்ல, கேள்வி கேட்கும் முறைக்காக.

நம்மிடம் உள்ள எழுத்து இரண்டு புள்ளிகளில்தான் நிற்கிறது. ஒன்று சேர்க்கை. கூலித் தொழிலாளி மகனுக்கு ஐ.ஐ.டி.யில் இடம் என்று படத்தோடு செய்தி வரும். நான்காண்டு கழித்து அந்தப் பையன் என்ன ஆனான் என்று எந்தச் செய்தியாளரும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. மற்றொன்று மரணம். 2008-இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்து ஆய்வு மாணவர் செந்தில்குமார், 2016 ஜனவரி 17 அன்று அதே வளாகத்தில் குண்டூரைச் சேர்ந்த ரோஹித் வேமுலா. இந்த மரணங்கள் எழுப்பிய கேள்விகள் ஓயக்கூடாதவை. ஆனால் சேர்க்கைக்கும் மரணத்துக்கும் நடுவே, செய்தியாகாமல் படித்து முடிக்கிறவர்களும் செய்தியாகாமல் நின்றுபோகிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய அறிவுதான் நமக்கு வேண்டியது.

முடிக்கிறவர்களுக்கும் நின்றுபோகிறவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை விடாமுயற்சி என்ற குணத்தை வைத்து விளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நின்றுபோனவனிடமும் அது இருந்தது. மலையேறும் பக்தரைப் பாருங்கள். அலிபிரியில் மூட்டையை ஒப்படைத்தால் தேவஸ்தானம் செலவில்லாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வழிநெடுகக் கூரை, குடிநீர். 3,550 படிகளையும் பக்தர் தன் காலால்தான் ஏறுகிறார், அதில் சலுகை கிடையாது. ஆனால் சுமையோடு ஏறவேண்டும் என்று யாரும் அவரைச் சோதிப்பதில்லை. கல்லூரிகள் இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. படிப்பைக் குறைக்கத் தயாராக இருக்கின்றன. சுமையை இறக்கத் தயாராக இல்லை.

பணம் வரும் தேதி

அம்பேத்கரிடமிருந்தே தொடங்கலாம். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க் போனார். லண்டனில் படிப்பு பாதியில் இருக்கும்போது உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் திரும்ப வேண்டியதாயிற்று. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணம், நண்பரிடம் வாங்கிய கடன், கோலாப்பூர் ஷாஹு மகாராஜாவின் உதவி எல்லாம் சேர்ந்த பிறகே 1920-இல் மறுபடி லண்டன் போக முடிந்தது. இந்தியாவின் மிகப் பெரிய கல்விமான்களில் ஒருவருக்கே பணம் நின்றதும் படிப்பு நின்றது. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செந்தில்குமார், ரோஹித் இருவர் கதையிலும் நின்றுபோன உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ரோஹித் தன் கடைசிக் கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத நிலுவை 1.75 லட்சம் ரூபாயைத் தன் குடும்பத்துக்குக் கொடுக்குமாறு கேட்டிருந்தார். சாதியமும் நிர்வாகமும் தனித்தனி விஷயங்கள் என்று நினைப்பவர்கள் இந்தத் தொகையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தாமதம் எல்லோருக்கும் பொது. ஆனால் அப்பாவின் கணக்கில் பணம் இருப்பவனை அது சிரமப்படுத்துவதோடு விட்டுவிடுகிறது. இல்லாதவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறது.

2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இதைக் கண்ணாடியாகக் காட்டியது. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன் கடைசி வாய்ப்பில் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். இருக்கைக் கட்டணம் 17,500 ரூபாய். ஊரில் திரட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. அரசமைப்பின் 142-ஆம் பிரிவைக் கொண்டு நீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் 17,500 ரூபாய்க்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தை எடுக்க வேண்டியிருந்தது என்றால், அதற்குக் கீழே இருந்த அத்தனை அலுவலகங்களும் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி தீர்ப்போடு தீரவில்லை. அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. பட்டம் பெறும் தறுவாயில் சிறு கட்டண பாக்கிக்காக நீக்கப்படவிருக்கும் மாணவர்களைக் கணினிப் பதிவிலிருந்தே கண்டுபிடித்து, விண்ணப்பம் கேட்காமலே அந்தச் சிறு தொகையைக் கணக்கில் சேர்த்தது. அங்கே கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையருக்கும் இடையே பட்டம் பெறும் விகிதத்தில் இருந்த இடைவெளி மறைந்தது. இந்த ஏற்பாடு மட்டுமே காரணம் அல்ல. வழிகாட்டிகளின் தொடர் கண்காணிப்பும் உண்டு. ஆனாலும் கொடுக்கப்பட்ட தொகை பெரிதல்ல, கொடுக்கப்பட்ட நேரம்தான் முக்கியம் என்பது தெளிவு.

ஆந்திரத்தில் சட்டப்படி உதவிக்குக் குறைவில்லை. பட்டியல் வகுப்பினருக்கான மேல்நிலைப் படிப்புதவி 1944 முதல் இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டமாக அதைத் திருத்தியமைத்து, 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம் என்று வகுத்தது. மாநில அரசின் கட்டணத் திருப்பீடு வேறு. ஆனால் அந்தப் பணம் போகும் வழி ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. முதலில் கல்லூரிக் கணக்கு, பிறகு தாயின் வங்கிக் கணக்கு, மறுபடி கல்லூரிக் கணக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. நடுவில் நின்றவன் மாணவன்தான். பாக்கி வராத கல்லூரி, டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் பிடித்துவைக்கிறது. சான்றிதழ் இல்லாமல் முதுகலைக்கும் போக முடியாது, வேலைக்கும் போக முடியாது. அதற்குள் மீ சேவா மையத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று நடக்கிற நடை தனி. 2020-இல் தனியார் கல்லூரி முதுகலை மாணவர்கள் கட்டணத் திருப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டதும் சேர்ந்துகொண்டது.

இந்த உதவிகளுக்கான வருமான வரம்பையும் பார்க்கலாம். ஆண்டுக்கு 2.5 லட்சம். கணவனும் மனைவியும் நாள் கூலி 500 ரூபாய் வீதம் ஆண்டில் 250 நாள் வேலை பார்த்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார்கள். இரண்டு கூலிக்காரர்கள் உழைத்து வாழும் வீடு காகிதத்தில் வசதியான வீடாகிவிடுகிறது. விடுதி, சாப்பாட்டுச் செலவுக்கு மாநில அரசின் வசதி தீவெனத் திட்டத்தில் பட்ட மாணவருக்கு வகுக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 20,000 ரூபாயாக இருந்தது. அதே கூலிக் கணக்கில் அது 40 நாள் சம்பளம். சேஷாசலக் காட்டுக்கு ஆள் திரட்டும் மேஸ்திரிகள் தருவதாகச் சொன்ன கூலி சாதாரண நாள் கூலியைப் போலப் பல மடங்கு. ஆண்பிள்ளையின் படிப்புக்கு எதிரே நிற்பது இந்தக் கணக்குதான். பெண்பிள்ளையின் படிப்பைப் பெரும்பாலும் கல்யாணம் நிறுத்துகிறது. ஆணின் படிப்பைக் கூலி நிறுத்துகிறது. செமஸ்டர் விடுமுறையில் கட்டட வேலைக்கோ சுமை தூக்கவோ போனவன் திரும்பி வராமல் போவதற்குச் சோம்பல் காரணம் அல்ல. வீட்டில் ஒரு சம்பளம் கூடிவிட்டது. அதை இனி எடுக்க முடியாது.

சேர்ந்து படிப்பது

1970-களின் பிற்பகுதியில் பெர்க்லியில் கணிதம் கற்பித்த யூரி டிரைஸ்மன், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் தோற்பதற்கான காரணத்தைத் தேடினார். சக ஆசிரியர்கள் அடுக்கிய காரணங்கள் நமக்கும் பழக்கமானவை: ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை. டிரைஸ்மன் மாணவர்களோடு மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகப் படித்தார்கள்; ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தினார்கள், பேராசிரியர் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்று பேசிக்கொண்டார்கள். தன் தவறு தன்னுடையது மட்டுமல்ல, எல்லோரும் செய்கிற தவறு என்பது கூட்டத்தில்தான் தெரியும். தனியாக இருப்பவன் அதைத் தன் அறிவின் குறையாக எடுத்துக்கொள்கிறான். டிரைஸ்மன் தொடங்கிய பட்டறைகளில் எளிய கணக்குகள் கிடையாது; வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போட வைத்தார். பலன் கிடைத்தது.

அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தில் ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி 1988-இல் உருவாக்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இதே வழிதான். 1989-இல் சேர்ந்த முதல் அணி 19 கறுப்பின ஆண்கள். வகுப்பு தொடங்குமுன் கோடைப் பயிற்சி, சேர்ந்து தங்குதல், கூட்டுப் படிப்பு, முதலாண்டிலிருந்தே ஆய்வகம். பின்னாளில் அறிவியலில் முனைவரான கறுப்பினர் பலர் அந்த வளாகத்தில் இளநிலை படித்தவர்கள்.

நம் நிறுவனங்கள் செய்வது என்ன? பின்தங்கியவருக்கு என்று பெயர் போட்டு ஒரு மாலை நேர ரெமெடியல் வகுப்பு. அதில் போய் உட்காருவதே தன்னை அடையாளம் காட்டிக்கொள்வது. ஆகவே தேவைப்படுகிறவனே வருவதில்லை. ஐ.ஐ.டி.களில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்த பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கான ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் அது முடிந்து வருகிறவன் ஓராண்டு மூத்தவனாக, தனித்துத் தெரிகிறவனாக முதலாண்டு வகுப்புக்குள் நுழைகிறான். 2015-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. முதலாண்டில் குறைந்த மதிப்பெண் பெற்ற எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் நீக்கியது. பெரும்பாலோர் ஒதுக்கீட்டு இடங்களில் வந்தவர்கள். எதிர்ப்புக்குப் பிறகு மறுவாய்ப்பு கொடுத்தது. ஒரு வகுப்பில் இத்தனை பேர் சேர்ந்து தோற்கும்போது சோதிக்க வேண்டியது விடைத்தாளை மட்டும் அல்ல.

இந்த விஷயத்தில் தமிழரும் தெலுங்கரும் அமெரிக்காவைப் பார்த்துக் கற்க வேண்டியதே இல்லை என்றுகூட வாதிடலாம். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தங்கிப் படிக்க வழி செய்ததுதான் அதன் பலம். சென்னை மாகாண அரசு 1920 முதல் தொழிலாளர் துறை வழியாக ஒடுக்கப்பட்டோர் கல்விக்குப் பொறுப்பேற்றது. ஆந்திரத்தில் தமிழ்நாட்டுக்காரரான ஆட்சிப்பணி அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் சமூகநலத் துறையில் இருந்த காலத்தில் அரசு விடுதிகள் பெருகின. பிறகு சமூகநல உறைவிடப் பள்ளிகள் வந்தன. ஹார்ப்பர் சொல்லும் 'சீனியர்' என்ற வளம் இந்த விடுதிகளில் தானாகவே விளைந்தது. எந்தப் பேராசிரியர் எப்படித் திருத்துவார், எந்தப் புத்தகம் நூலகத்தில் எங்கே கிடக்கும், எந்த உதவித்தொகைக்கு எந்த மாதம் மனுப் போட வேண்டும் என்பதை அண்ணன்தான் சொல்லித்தருவான். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கும் வீட்டில் அந்த அண்ணன் செய்வது பெற்றோர் வேலை. ஹைதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் செய்ததிலும் பாதி இதுதான். அரசியல் மட்டும் வெளியே தெரிந்தது.

ஆனால் ஓர் அறையில் ஐந்தாறு பேர் தங்குவதும் ஐந்தாறு பேர் சேர்ந்து படிப்பதும் ஒன்றல்ல. என் பார்வையில் பிரச்சினையின் கணு நிர்வாகப் பிரிவினையில் இருக்கிறது. விடுதி சமூகநலத் துறையின் கையில். வகுப்பு பல்கலைக்கழகத்தின் கையில். வார்டனுக்கு எந்த மாணவன் எத்தனை அரியர் வைத்திருக்கிறான் என்று தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. துறைத்தலைவருக்கு அந்த மாணவன் இரவு எங்கே படுக்கிறான், மெஸ் பில் பாக்கி எவ்வளவு என்று தெரியாது. இரண்டு கோப்புகளும் ஒரு மேசையில் சந்திப்பதே இல்லை. மாணவன் நழுவி விழுவது அந்த இடைவெளியில்தான். விடுதியும் வகுப்பும் ஒரே கையில் இருந்த உறைவிடப் பள்ளிகள் நல்ல பலன் தந்ததற்கும் இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பள்ளியில் கண்டுபிடித்ததைக் கல்லூரிக்கு வரும்போது கைவிட்டுவிட்டோம்.

விடுதி ஒரு சேரியாக மாறும் அபாயமும் உண்டு. எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு பற்றி 2007-இல் அறிக்கை தந்த சுகதேவ் தோரட் குழு, பட்டியல், பழங்குடி மாணவர்கள் துன்புறுத்தலுக்கு அஞ்சி விடுதியின் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கியதைப் பதிவு செய்தது. தாமாகக் கூடுவதும் துரத்தப்பட்டுக் கூடுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆகவே தனி விடுதி வேண்டுமா வேண்டாமா என்ற பழைய வாதம் வீண் வாதம். விடுதியிலிருந்து ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் பொது விளையாட்டுத் திடலுக்கும் வழி திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரேங்க் கேட்கிறவர்கள்

உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். புதிர்ப்பாதைகளைத் தீர்த்தால் பரிசு. சாதியைச் சொல்லாமல் விளையாடியபோது மேல்சாதி, கீழ்சாதிச் சிறுவர்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டு விளையாட விட்டபோது கீழ்சாதிச் சிறுவர்கள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. மூளை அதேதான், புதிரும் அதேதான். 1995-இல் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் கறுப்பின மாணவர்களிடம் கண்டதும் இதன் உறவினம்தான்.

நம் வளாகங்களில் சாதியை யாரும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. முதல் நாளே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்டால் போதும். அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐ.ஐ.டி. பற்றி எழுதிய நூலில், தகுதி என்ற பேச்சுக்குள் சாதி எப்படித் தங்கிக்கொள்கிறது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். தெலுங்கு வழியில் படித்து வந்தவனுக்கு, தமிழ் வழியில் படித்து வந்தவனுக்கு, வகுப்பில் வாய் திறக்கும்போது வரும் ஆங்கிலத் தடுமாற்றம் இன்னொரு அறிவிப்பு. ஆண்பிள்ளைகளிடம் இது மௌனமாக மாறுகிறது. சந்தேகம் கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வது என்று நினைக்கிறார்கள். உதவி கேட்பது ஆணுக்கு அழகில்லை என்ற வளர்ப்பு வேறு. நேரம் முடிந்தபின் பேராசிரியர் அறைக்கதவைத் தட்டுகிற பழக்கம் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானாக வருகிறது. மற்றவனுக்குப் பேராசிரியரே கதவைத் திறந்து கூப்பிட வேண்டும்.

தாங்க முடியாத இடத்துக்கு அனுப்பி அவர்களைத் தோற்கடிப்பது இட ஒதுக்கீடுதான் என்பது இங்கே எழும் பழைய மறுப்பு. இதற்கு ஆந்திரத்திலிருந்தே பதில் இருக்கிறது. சுரேந்திரகுமார் பக்டே, டென்னிஸ் எப்பிள், லோவல் டெய்லர் மூவரும் 2016-இல் அமெரிக்கப் பொருளியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, இருநூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் தரவுகளைக் கொண்டது. ஒதுக்கீடு கல்லூரி சேர்க்கையை உயர்த்தியது. நல்ல தரமான கல்லூரிகளுக்குப் போனதால் அந்த மாணவர்கள் பாதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆகவே இடம் தவறல்ல. இடத்தில் நடப்பதுதான் தவறு.

ஆண் என்று ஏன் பிரிக்க வேண்டும்

இந்தக் கட்டுரை ஆண்களைத் தனித்துப் பேசுவதற்கு நியாயம் சொல்லியாக வேண்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. பட்டியல் வகுப்பினருக்கு 25.9; பழங்குடியினருக்கு 21.2. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. அமெரிக்கக் கறுப்பினரிடையே பெண்கள் ஆண்களை வெகுதூரம் முந்திவிட்டதைப் போன்ற நிலை இங்கே இல்லை. ஆனால் ஆண் முன்னே போகிறான் என்ற பழைய ஊகமும் இனிச் செல்லாது. தமிழ்நாடு 2022-இல் புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று ஆண்களுக்கும் நீட்டித்தது. ஆண்களின் இடைநிற்றலை அரசே ஒப்புக்கொண்ட அடையாளமாக இதை நான் படிக்கிறேன்.

அதற்காகப் பெண்களின் பங்கிலிருந்து எடுக்க வேண்டும் என்பதல்ல. 2019-இல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியின் மரணம், பழங்குடிப் பெண் என்ற இரட்டைச் சுமை எப்படி இறங்குகிறது என்பதைக் காட்டியது. ஆண், பெண் இருவரையும் நிறுத்துகிற காரணங்கள் வேறு வேறு. ஆகவே மருந்தும் வேறு. அவ்வளவுதான் என் வாதம்.

'தலித்' என்ற ஒற்றைத் தலைப்பும் போதாது. ஆந்திரத்தில் மாலர், மாதிகர் இடையே கல்வியில் உள்ள இடைவெளி 1990-களிலிருந்தே அரசியலாக இருக்கிறது. 2004-இல் சின்னையா வழக்கில் செல்லாததாக்கப்பட்ட உள் ஒதுக்கீட்டுக்கு 2024 ஆகஸ்ட் 1 அன்று தவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு வழிவிட்டது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு இருப்பது வாசகர் அறிந்ததே. சித்தூர், நெல்லூர்ப் பக்கத்து யானாதிப் பழங்குடியினருக்கோ இந்த வாதம் எதுவும் இன்னும் எட்டவில்லை. அவர்களில் கல்லூரி வாசலைத் தொடுகிறவர்களே சிலர்.

இத்தனைக்கும் பிறகு நம் கையில் உள்ள தரவு வெட்கப்படத்தக்க அளவு மெலிந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.கள் ஆகியவற்றிலிருந்து ஐந்தாண்டில் பட்டியல், பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர் 13,600 பேருக்கு மேல் வெளியேறியதாக 2023 டிசம்பரில் மக்களவையில் அரசு சொன்னது. பலர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கலாம் என்றும் விளக்கியது. இருக்கலாம். மாறியவர் எத்தனை, முறிந்தவர் எத்தனை என்று பிரிக்காத எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்கலாம்.

மாணவனின் வகுப்பு சேர்க்கைப் பிரிவில் இருக்கிறது. அவன் தேர்ச்சி தேர்வுப் பிரிவில் இருக்கிறது. உதவித்தொகை வந்த தேதி கருவூலத்தில் இருக்கிறது. மூன்றையும் இணைக்கப் புதிய ஆய்வு எதுவும் வேண்டாம். அலிபிரியைச் சுற்றியுள்ள பல்கலைக்கழகங்கள், பெயர்களை மறைத்து, ஒவ்வொரு சேர்க்கை ஆண்டுக்கும் வகுப்புவாரியாக, ஆண் பெண் வாரியாக, எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், அவர்களுக்குப் பணம் எந்த மாதம் வந்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இதே கோரிக்கை. அந்த அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு ஆசிரியர் சங்கங்களுக்கும், இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது.